பையைச் சோதிக்கும் சட்டம், வாய்க்குள் ஒளியும் பழக்கம்

இடது உள்ளங்கையில் ஒரு சிட்டிகை புகையிலைத் தூள். அதன் மேல் கடுகளவு சுண்ணாம்பு. வலது கட்டைவிரலால் நன்றாகக் கசக்கி, இரண்டு தட்டுத் தட்டி, தூசியை ஊதிவிட்டு, கீழுதட்டை இழுத்து ஈறோரம் அடக்கிக்கொண்டால் முடிந்தது. தீப்பெட்டி வேண்டாம். புகை வராது. பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது. சாரத்தின் மேல் நின்று வேலை பார்ப்பவருக்கும், சிகரெட்டுக்கென்று இடைவேளை கிடைக்காதவருக்கும் இதைவிட வசதியான போதை வேறில்லை.

சிங்கப்பூரில் இந்தக் கைனியை விற்றாலோ உள்ளே கொண்டுவந்தாலோ 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி அகப்பட்டால் 20,000 வெள்ளி, 12 மாதம் வரை போகும்.

சுகாதார அமைச்சு 2015 ஜூன் மாதம் இந்தத் தடையை அறிவித்தபோது அதை இரண்டு கட்டமாகப் பிரித்தது. அந்தப் பிரிப்பில்தான் சட்டத்தின் எண்ணம் தெரிகிறது. முதல் கட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. புகையற்ற சுருட்டு, புகையற்ற சிகரெட், வாயில் கரையும் புகையிலை அல்லது நிக்கோட்டின், தோலில் பூசியோ ஊசியாகவோ உடலுக்குள் செலுத்தும் வகைகள், மின்சிகரெட்டில் ஊற்றும் நிக்கோட்டின் திரவம் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. உள்ளூர்ச் சந்தைக்கு வந்து சேராத பொருள்கள் இவை. கடைக்கு வந்து, ஆட்களைப் பிடித்து, அதன்பின் வழக்கு நடத்துவதைவிட வருமுன்பே வாசலை அடைப்பது மேல் என்று அரசு கருதியது. இரண்டாம் கட்டம் 2016 ஆகஸ்ட் 1ஆம் தேதி. குட்கா, கைனி, ஜர்தா, வாயில் அடக்கும் பொடி, மூக்குப்பொடி. இவை ஏற்கெனவே இங்கே புழங்கியவை. வியாபாரிகள் கையிருப்பைத் தீர்த்துக்கொள்ளவே அந்த அவகாசம். கம்போங் கிளாமின் அராப் ஸ்திரீட் கடைகளில் கொடிகட்டிப் பறந்த ஷிஷாவுக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 2014 நவம்பரில் தடை வந்தது, உரிமம் வைத்திருந்தவர்களுக்கு 2016 ஜூலை 31 வரை தவணை கொடுத்தார்கள்.

மதுவுக்கு லிட்டில் இந்தியாவையும் கேலாங்கையும் சுற்றி 2015இல் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரம் வரைந்தார்கள். புகையிலைச் சட்டத்தில் அப்படி வட்டாரம் ஏதும் இல்லை, தீவு முழுவதற்கும் ஒரே விதிதான். ஆனாலும் இரண்டாம் பட்டியலில் உள்ள பொருள்கள் எந்தத் தெருக்களில் கைமாறின என்பது ஊருக்கே தெரியும். தேக்கா, டெஸ்கர் சாலை, சையது அல்வி சாலை என்று ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஊழியர்கள் கூடும் இடங்கள் அவை. தடை வந்த பிறகும் சுகாதார அறிவியல் ஆணையம் இந்த வட்டாரத்தில் சோதனை நடத்தி, மறைத்து விற்றவர்களைப் பிடித்து வழக்குத் தொடுத்திருக்கிறது. சாங்கி விமான நிலையத்திலும் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச் சாவடிகளிலும் மெல்லும் புகையிலை பிடிபடுகிறது. பயணிகள் கொண்டுவரக்கூடாத பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது. திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறும் மகனின் பெட்டியில் ஊறுகாய்க்கும் பருப்புப் பொடிக்கும் நடுவே "அவனுக்குப் பழக்கமாச்சே" என்று நான்கு பொட்டலம் வைத்துவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த உபயோகத்துக்குத்தான் என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

லிட்டில் இந்தியாவில் பீடாவுக்குத் தடையில்லை. ஈரத் துணியில் சுற்றிய வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, குல்கந்து, சோம்பு எல்லாம் வெளிப்படையாக விற்கின்றன. திருமண வீட்டுத் தாம்பூலத்துக்கும் கோயில் தட்டுக்கும் வெற்றிலை பாக்கு வேண்டும், அதை யாரும் தொடவில்லை. அதே பீடாவுக்குள் ஒரு சிட்டிகை ஜர்தா விழுந்தால் கடைக்காரர் குற்றவாளி ஆகிறார். கோடு அவ்வளவு மெல்லியது.

ஆனால் உடம்பு அந்தக் கோட்டை மதிப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையற்ற புகையிலையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. 2004இல் புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கையும், பாக்கையுமே கூட, அதே வரிசையில் சேர்த்தது. இந்தச் செய்தி நம் வீடுகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை. "வெறும் பாக்குத்தானே" என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது.

சுண்ணாம்புக்கும் இதில் பங்குண்டு. அதன் காரத்தன்மை நிக்கோட்டினை விடுவித்து, வாயின் மெல்லிய தோல் வழியாக ரத்தத்தில் வேகமாக ஏற வைக்கிறது. கசக்கும்போது சுண்ணாம்பு கூடினால் "ஏறுது" என்று சொல்வது அதனால்தான். புகையிலையைப் பதப்படுத்தும்போது உண்டாகும் நைட்ரோசமைன்கள் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் மணிக்கணக்கில் தொட்டுக்கொண்டே இருக்கின்றன. வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் முதலில் தோன்றுவது அடக்கிவைக்கும் அதே இடத்தில்தான். பாக்கு கலந்த குட்கா இன்னொரு கொடுமையையும் செய்கிறது. கன்னத்தின் உள்தோல் நார்நாராக இறுகி, வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் போகிறது. பல் மருத்துவர்கள் இதற்குச் சுலபமான சோதனை ஒன்று சொல்வார்கள். நம்முடைய மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே நுழைக்க வேண்டும். மூன்றும் நுழைந்தால் சரி. இரண்டுதான் நுழைகிறது என்றால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காரம் பட்டால் வாய் எரிவது அதற்கும் முந்திய எச்சரிக்கை.

தமிழர்களுக்குப் புகையிலையால் வரும் புற்றுநோய் தூரத்துச் செய்தியாக இருந்ததே இல்லை. பொடியும் புகையிலையும் பழகியவர் அறிஞர் அண்ணா. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு 1968இல் நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி, 1969 பிப்ரவரி 3இல் தமது 59ஆம் வயதில் முதலமைச்சராக இருக்கும்போதே மறைந்தார். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்துவருவதை மருத்துவர்கள் பல காலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். தோட்டப்புறத்தில் பாட்டியின் மடியிலிருந்த வெற்றிலைப் பையையும் அதில் கிடந்த புகையிலைத் துண்டையும் நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

தமிழ்நாட்டிலும் தடை உண்டு. ஆனால் அங்கே சட்டம் நடந்துவந்த பாதை வேறு. அதிமுக அரசு 2001 நவம்பரில் குட்காவைத் தடை செய்தது. உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு மாநிலம் இப்படி ஒரேயடியாகத் தடை போட முடியாது என்று 2004 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, தடை விழுந்தது. பிறகு 2011இல் வந்த மத்திய விதி எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிக்கோட்டினோ சேரக்கூடாது என்றது. அதைப் பிடித்துக்கொண்டு 2012இல் மத்தியப் பிரதேசமும், 2013 மே மாதம் தமிழ்நாடும் தடை விதித்தன. ஆனால் உணவுப் பாதுகாப்பு ஆணையர் போடும் ஆணைக்கு ஓராண்டுதான் ஆயுள். ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள். இப்படிப் புதுப்பித்துக்கொண்டே போவது நிரந்தரத் தடைக்குச் சமம், அந்த அதிகாரம் ஆணையருக்கு இல்லை என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. நடுவில் கம்பெனிகள் கண்டுபிடித்த குறுக்குவழி எளிமையானது. பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம். தனித்தனியே வாங்கி, வாயில் சேர்த்துக்கொண்டால் அதுவே குட்கா.

இலங்கை 2016இல் புகையற்ற புகையிலைப் பொருள்களுக்கும் மின்சிகரெட்டுக்கும் சேர்த்தே தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 1992லேயே வாய்ப் புகையிலையைத் தடுத்தது. பின்னால் சேர்ந்த சுவீடன் மட்டும் தன் 'ஸ்னூஸ்' பழக்கத்துக்கு விலக்கு வாங்கிக்கொண்டது.

சிறிய தீவு, ஒரே அரசு, எண்ணிவிடக்கூடிய நுழைவாயில்கள். சிங்கப்பூரின் சட்டம் வலுவாக நிற்பதற்கு அதன் வாசகத்தைவிட இவையே காரணம். 21.4 விழுக்காடு பெரியவர்கள் புகையற்ற புகையிலை பயன்படுத்துவதாக 2016-17ஆம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பு காட்டிய இந்தியாவில், அதே வாசகம் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை தோற்றுப்போகிறது.

மெல்லுகிறவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, அது நியாயமான கேள்வி. "சிகரெட் கடையில் விற்கிறதே, என் பொட்டலம் மட்டும் என்ன பாவம் செய்தது?" சிகரெட்டை அரசு வேறு வழியில் நெருக்குகிறது. கடையில் கண்ணில் படும்படி அடுக்கக்கூடாது என்ற விதி 2017 ஆகஸ்டிலும், எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரியான உறை என்ற விதி 2020 ஜூலையிலும் வந்தன. வாங்கும் வயது படிப்படியாக ஏறி 2021 ஜனவரி முதல் 21 ஆனது. தினமும் புகைப்போர் 2010இல் 13.9 விழுக்காடு, 2020இல் 10.1. பல தலைமுறையாக வேரூன்றியதை வெட்டி வெட்டிக் குறைப்பது, புதிதாக முளைப்பதை முளையிலேயே கிள்ளுவது என்பதுதான் கொள்கை. மின்சிகரெட்டில் அது இன்னும் கடுமை. 2018 பிப்ரவரி முதல் அதை வாங்குவதும் வைத்திருப்பதும் பிடிப்பதும் குற்றம். எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த 'கேபாட்' பரவியதும், 2025 செப்டம்பர் 1இல் அந்த மருந்தைப் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள்.

கொள்கையில் பிழையில்லை. ஆனால் கைனி சட்டத்தின் கண்ணுக்குப் புதிதாக முளைத்த பொருளாக இருக்கலாம், கைனி போடுகிறவருக்கு அது புதிதல்ல. பத்து, பதினைந்து வருடப் பழக்கத்தோடு அவர் வந்து இறங்குகிறார். பொட்டலம் சட்டத்தின் கையில் சிக்கிவிடும். அவருடைய நரம்பில் ஊறிய நிக்கோட்டின் ஆசை எங்கே போகும்? ஒன்று, கள்ளத்தனமாக விற்பவரிடம் ஊரில் கொடுத்ததைப்போல் பல மடங்கு கொடுத்து வாங்குவார். அல்லது சிகரெட்டுக்கு மாறுவார். இரண்டுமே ஊருக்கு அனுப்பும் பணத்தைத் தின்னும். இந்த இடத்தில்தான் ஏற்பாடு போதாமல் நிற்கிறது. அபராத எச்சரிக்கை அவரிடம் போய்ச் சேரும் அளவுக்கு, விடுவதற்கான கைத்தாங்கல் சேர்வதில்லை.

கைத்தாங்கல் இல்லாமல் இல்லை. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000 என்ற எண்ணை அழைத்தால் பழக்கத்தை விட ஆலோசனை கிடைக்கும். சூயிங்கம்முக்குப் பேர்போன தடை உள்ள இந்த ஊரில் 2004 முதல் மருந்தகத்தில் நிக்கோட்டின் கம் வாங்கலாம், மருத்துவக் காரணத்துக்காக விலக்கு கொடுத்திருக்கிறார்கள். மென்று பழகிய வாய்க்கு அது பொருந்தக்கூடிய மாற்று. ஆனால் தங்கும் விடுதியில் இருக்கும் ஊழியருக்கு இதை யார் தமிழிலும் வங்காள மொழியிலும் எடுத்துச் சொல்வது? 2006 முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்கும் ஹெல்த்சர்வ் அமைப்பு பல் சிகிச்சையும் தருகிறது. பல்வலி என்று அங்கே வந்து உட்காரும் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து காட்டத்தான் போகிறார்.

அந்த ஒரு பார்வைக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதைத் திருவனந்தபுரம் காட்டியிருக்கிறது. 1996இல் அங்கே தொடங்கிய ஆய்வில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் மக்களின் வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற பட்டதாரிகள். 2005இல் 'லான்செட்' இதழில் வந்த முடிவுகளின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெற்றிலைப்பாக்கு ஊறிய தைவானும் மெல்லுவோருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இலவச வாய்ப் பரிசோதனை நடத்துகிறது.

வேலை அனுமதி பெறவும் புதுப்பிக்கவும் சிங்கப்பூரில் மருத்துவச் சோதனைகள் ஏற்கெனவே உண்டு. மார்பைப் படம் பிடிக்கிறார்கள், ரத்தம் எடுக்கிறார்கள். அதே அறையில், அதே நாளில், கன்னத்தை ஒதுக்கி ஈறோரத்தை ஒரு நிமிடம் பார்த்து, திட்டு இருந்தால் தண்டனை பயமின்றிச் சிகிச்சைக்கு அனுப்பும் முறையைச் சேர்ப்பதற்குப் புதுக் கருவியோ புதுச் சட்டமோ தேவைப்படாது. சுகாதார அமைச்சும் மனிதவள அமைச்சும் கலந்து பேசினால் தொடங்கிவிடலாம்.