அதிர்வுமானி வாங்குமுன்

ஆய்வுத் திட்டத்திற்கு நிதி வந்துவிட்டது. மார்ச் 31-க்குள் செலவழித்தாக வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகங்களில் கருவிகள் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் வாங்கப்படுகின்றன. 'அதிர்வு அளக்கும் கருவி - 1' என்று ஒரே வரியில் விலைப்புள்ளி கேட்டுக் கடிதம் போகிறது. எந்த அதிர்வை அளக்கப் போகிறோம் என்பது அந்த வரியில் இல்லை. நாம் எழுதாததை விற்பவர் தமக்கு வசதியாக எழுதிக்கொள்கிறார்.

அதிர்வை இடப்பெயர்ச்சியாகவோ, திசைவேகமாகவோ, முடுக்கமாகவோ அளக்கலாம். இவற்றுள் முடுக்கம் அதிர்வெண்ணின் இருமடிக்கேற்ப வளர்வது. விநாடிக்கு 10 முறை, 1 மில்லிமீட்டர் வீச்சுடன் அசையும் பொருளின் உச்ச முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 0.4 பங்கு. விநாடிக்கு 1000 முறை அதிரும் பொருளோ 1 மைக்ரான் வீச்சிலேயே 4 மடங்கைத் தொட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத அசைவில்தான் முடுக்கம் பத்து மடங்கு! நிமிடத்திற்கு 1440 சுற்றுச் சுழலும் மோட்டாரில் எடைச் சமநிலைக் குறை 24 ஹெர்ட்ஸில் தெரியும். பேரிங்கில் விழுந்த கீறலோ பல ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒலிக்கும். இரண்டில் எது நமக்கு வேண்டும் என்று முடிவு செய்த பிறகே விலைப்பட்டியலைத் திறக்க வேண்டும்.

முடுக்கமானியின் உள்ளே ஒரு சிறு எடை படிகத்தை அழுத்துகிறது. அழுத்தத்திற்கேற்ப மின்னூட்டம் பிறக்கிறது. கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்ட விளைவு இது. சில மானிகளில் பெருக்கி உள்ளேயே இருக்கும். மற்றவற்றுக்கு மின்னூட்டப் பெருக்கியைத் தனியே வாங்க வேண்டும். நான் முன்பு பயின்ற ஓர் ஆய்வகத்தில் இரண்டாம் வகை மானி வந்து சேர்ந்தது. பெருக்கி பட்டியலிலேயே இல்லை. அடுத்த நிதி வருவதற்குள் அதை நம்பியிருந்த ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. மானி மட்டும் பஞ்சுப் பெட்டியில் புத்தம் புதிதாக இருந்தது.

மானியின் எடையையும் பார்க்க வேண்டும். அளக்கப்படும் பொருளின் எடையில் பத்தில் ஒரு பங்கை அது மிஞ்சலாகாது. மிஞ்சினால் பொருளின் அதிர்வே மாறிவிடும். மெல்லிய தகடுகளுக்குத் தொடாமல் அளக்கும் லேசர் கருவி உண்டு. விலைதான் மலைக்க வைக்கும். பொருத்தும் முறையும் அற்பமானதன்று. கையால் அழுத்திப் பிடித்து அளந்தால் 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் நம்ப முடியாது. திருகி இறுக்கினால் மானியின் சொந்த ஒத்ததிர்வெண்ணில் மூன்றில் ஒரு பங்கு வரை நம்பலாம்.

இனி, பதிவு செய்யும் பகுதி. வேண்டிய உச்ச அதிர்வெண்ணைப் போல் குறைந்தது 2.56 மடங்கு வேகத்தில் மாதிரி எடுப்பது வழக்கம். அதற்கு முன்னால் மிகையான அதிர்வெண்களைத் தடுக்கும் வடிகட்டி இல்லையென்றால், இல்லாத அதிர்வு திரையில் தோன்றும். அதை நம்பி ஆய்வேடும் எழுதிவிடலாம்! மலிவான கணிப்பொறி அட்டைகள் பலவற்றில் இந்த வடிகட்டி இருப்பதில்லை.

கம்பிவடம், திருகு, அளவுத்திருத்தச் சான்றிதழ் ஆகியவற்றையும் ஆணையிலேயே சேர்த்துவிடுவது நல்லது. தொழில்நுட்ப விவரமும் விலையும் தனித்தனி உறைகளில் வருமானால், விலை உறையைப் பிரிக்குமுன் விற்பவரை நம் ஆய்வகத்திற்கே வரவழைத்து, நம் மோட்டாரில் அளந்து காட்டச் சொல்லலாம். இந்த நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். பிறகு கேட்டால் வரமாட்டார்கள்.