நேற்று அங்கே இல்லையே!

குருப்பெயர்ச்சி என்றால் ஆலங்குடிக் கோயிலில் கூட்டம். சனிப்பெயர்ச்சி என்றால் திருநள்ளாற்றில் கூட்டம். உங்கள் வீட்டிலும் யாராவது பலன் புத்தகத்தைப் புரட்டி, "மேஷத்துக்கு எப்படி, ரிஷபத்துக்கு எப்படி" என்று உரக்க வாசித்திருப்பார்கள். பலனுக்கு அறிவியலில் இடமில்லை. ஆனால் பெயர்ச்சி மட்டும் அப்பட்டமான உண்மை! குரு எனப்படும் வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகும். ராசிகளும் 12. ஆகவே ஆண்டுக்கு ஒரு ராசி. சனிக்கு ஒரு சுற்று 29½ ஆண்டு, அதனால் ராசிக்கு இரண்டரை ஆண்டு. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்டவர்களிடம் தொலைநோக்கி கிடையாது. வெறும் கண்ணால் பார்த்தார்கள், மறுநாளும் பார்த்தார்கள், எது இடம் மாறியது என்று கவனித்தார்கள். அவ்வளவுதான்.

வானத்தில் கோளையும் வால்நட்சத்திரத்தையும் பிடிக்க இன்றைக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

நட்சத்திரங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதில்லை. கிழக்கில் உதித்து மேற்கில் மறையும், ஆனால் கூட்டமாகவே போகும். கார்த்திகைக் கூட்டத்தை உங்கள் பாட்டி சிறுவயதில் எந்த வடிவத்தில் பார்த்தாரோ, அதே வடிவத்தில்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். இந்தக் கூட்டத்துக்குள் ஒரு புள்ளி மட்டும் மெல்ல மெல்ல ஊர்ந்து போனால், அது கோள்.

"கோள் மின்னாது, நட்சத்திரம் மின்னும்" என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சரிதான். நட்சத்திரம் மிகத் தொலைவில் இருப்பதால் ஒற்றைப் புள்ளியாக இருக்கிறது. காற்று அசையும்போது அந்த ஒளியும் தடுமாறுகிறது. கோள் நமக்கு ஒரு சின்ன வட்டு. வட்டின் ஒரு பக்கத்து ஒளி தடுமாறினாலும் இன்னொரு பக்கம் ஈடுகட்டிவிடும். ஆனால் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது கோளும் மின்னும். நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. செவ்வாய் சிவப்பு என்று தேடினால் ரோகிணியும் திருவாதிரையும் கேட்டையும் சிவந்த நட்சத்திரங்களாக நின்று ஏமாற்றும். வெள்ளியிடம் இந்தக் குழப்பமே இல்லை. அத்தனை பிரகாசம்! அந்திக்குப் பின் மேற்கில், அல்லது விடியும் முன் கிழக்கில் விடிவெள்ளியாக. நம் ஊரில் நள்ளிரவில் உச்சி வானத்தில் பளீரென்று ஒன்று தெரிந்தால் அது வெள்ளி அல்ல, வியாழனாக இருக்கலாம்.

சந்தேகம் தீர வேண்டுமானால் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். சந்தேகப் புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள ஐந்தாறு நட்சத்திரங்களையும் வரையுங்கள். தேதி போடுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி வரையுங்கள். செவ்வாயாக இருந்தால் நன்றாகவே நகர்ந்திருக்கும். சனிக்குப் பல வாரப் பொறுமை வேண்டும். சில மாதங்களில் கோள் பின்னோக்கி நகர்வதுபோலத் தெரியும்; பஞ்சாங்கம் இதைத்தான் வக்கிரம் என்கிறது. நம் ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போகும் ரயிலை முந்தும்போது, அது பின்னால் போவதுபோல் தோன்றுமே, அதே மயக்கம்தான். உள்வட்டத்தில் ஓடும் பூமி அந்தக் கோளை முந்திக்கொண்டிருக்கிறது.

இப்படி நோட்டில் குறிக்கும் பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை. இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் வில்லியம் ஹெர்ஷல் என்று ஒருவர் இருந்தார். தொழில் இசை, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். இரவில் தன் கையால் தேய்த்துச் செய்த கண்ணாடி பொருத்திய தொலைநோக்கியோடு வெளியே வந்துவிடுவார். 1781 மார்ச் 13 அன்று அதில் ஒரு விசித்திரப் புள்ளி தெரிந்தது. உருப்பெருக்கத்தைக் கூட்டினார். பக்கத்து நட்சத்திரங்கள் புள்ளியாகவே நிற்க, இது மட்டும் பெரிதானது. நான்கு நாள் கழித்துப் பார்த்தார். நகர்ந்திருந்தது! 'வால்நட்சத்திரம் கண்டேன்' என்றே அறிவித்தார். ஆனால் வாலும் முளைக்கவில்லை, சூரியனை நோக்கிப் பாய்ந்து வரவும் இல்லை. மற்றவர்கள் கணக்கிட்டுப் பார்த்தபோது, அது சனிக்கும் அப்பால் ஏறக்குறைய வட்டப் பாதையில் நிதானமாகச் சுற்றுவது தெரிந்தது. வால்நட்சத்திரமல்ல, புதிய கோள். யுரேனஸ்!

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. ஜான் பிளாம்ஸ்டீட் என்ற பெரிய வானியலாளர் 1690-லேயே இதே யுரேனஸைப் பார்த்திருந்தார். ரிஷப ராசியில் ஒரு நட்சத்திரம் என்று எழுதிவிட்டார். அது நகர்கிறது என்பது அவர் கண்ணில் படவே இல்லை.

சரி, வால்நட்சத்திரத்துக்கு வருவோம். அது சர்ரென்று பாய்ந்து போகும் என்று பலர் நினைக்கிறார்கள். பாய்வது எரிநட்சத்திரம். மணல் பருக்கை அளவு தூசி காற்றில் உரசி எரிந்து, ஓரிரு நொடியில் தீர்ந்துபோகும். வால்நட்சத்திரமோ நாள்கணக்கில், வாரக்கணக்கில் வானத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். பனியும் தூசியும் கலந்த கட்டி அது. புகழ்பெற்ற ஹாலி வால்நட்சத்திரத்தின் கட்டிகூட 15 கிலோமீட்டர் நீளம்தான். சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு, லட்சக்கணக்கான கிலோமீட்டருக்கு வாலாக நீள்கிறது. சூரிய ஒளியும் சூரியனிலிருந்து வீசும் துகள்களும் அந்த வாலைத் தள்ளுவதால், வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீண்டிருக்கும். சூரியனைவிட்டு விலகிப் போகும்போது வால் முன்னால் போகும், தலை பின்னால் வரும்!

பெரும்பாலானவை சூரியனுக்கு அருகில்தான் பிரகாசமாகின்றன. எனவே தேடவேண்டிய இடம் அந்திக்குப் பின் மேற்கு அடிவானம், விடியலுக்கு முன் கிழக்கு அடிவானம். 2024 அக்டோபர் நடுவில் சூசின்ஷான்-அட்லஸ் என்ற வால்நட்சத்திரம் மாலை மேற்கு வானத்தில் இப்படித்தான் தெரிந்தது. முதலில் மங்கிய பஞ்சுத் திட்டுதான் கண்ணில் படும். இருட்டில் இருபது நிமிடமாவது கண்ணைப் பழக்குங்கள். டார்ச் மேல் சிவப்பு செலோபேன் தாளைக் கட்டுங்கள். திட்டை நேராக முறைக்காமல் சற்றுத் தள்ளிப் பாருங்கள், அப்போது இன்னும் நன்றாகத் தெரியும். மங்கிய ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. பைனாகுலர் இருந்தால் நல்லது. ஆனால் சூரியன் முழுவதும் மறைந்த பிறகே அதைக் கையில் எடுங்கள். பைனாகுலரில் சூரியனைப் பார்த்தால் பார்வையே போய்விடும்.

திட்டு தெரிந்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். பாரிஸில் சார்ல் மெஸ்ஸியே என்ற வால்நட்சத்திர வேட்டைக்காரர் 1758-ல் ரிஷபத்தின் கொம்பருகே ஒரு திட்டைக் கண்டார். அது நகரவே இல்லை. இப்படித் தொல்லை தந்த திட்டுகளைப் பட்டியல் போட ஆரம்பித்தார், அது நூறைத் தாண்டியது. அந்த முதல் திட்டு, 1054-ல் வெடித்துத் தெரிந்த ஒரு விண்மீனின் மிச்சம் என்று பின்னர் தெரியவந்தது. அவர் ஒதுக்கிவைத்த பட்டியலைத்தான் இன்று சின்னத் தொலைநோக்கி வாங்கியவர்கள் ஆசை ஆசையாகத் தேடிப் பார்க்கிறார்கள்.

வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவரின் பெயரையே அதற்கு வைப்பது வழக்கம். ஜப்பானில் பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்த கௌரு இகேயா, தானே செய்த தொலைநோக்கியால் 1963-ல் ஒன்றைப் பிடித்தபோது அவருக்கு வயது 19. 1965-ல் இன்னொன்று. அதைச் சில நிமிட இடைவெளியில் வேறோர் ஊரில் கண்டவர் கிட்டார் ஆசிரியரான சுதோமு செகி. பகலிலேயே சூரியனுக்குப் பக்கத்தில் தெரிந்த அந்த வால்நட்சத்திரத்துக்கு இகேயா-செகி என்று பெயர். ஆர்கன், பியானோ, கிட்டார்! இசைக்காரர்களுக்கு வானத்தோடு என்ன ஒப்பந்தமோ! சென்னையில் பிறந்த வைணு பாப்புவின் பெயரிலும் ஒன்று உண்டு. 1949-ல் ஹார்வர்டில் படிக்கும்போது அவர் கண்டது. சவ்வாது மலையில் காவலூரில் உள்ள வானாய்வகம் இன்று அவர் பெயரில்தான் இயங்குகிறது.

இப்போது தானியங்கித் தொலைநோக்கிகள் பெரும்பாலான வால்நட்சத்திரங்களை முதலில் பார்த்துவிடுகின்றன. பிரகாசமானது எப்போது வரும் என்று யாராலும் நாள் குறிக்க முடியாது. ஹாலி மறுபடி வருவது 2061 ஜூலையில். ஆனால் அது விட்டுப்போன தூசி வழியாகப் பூமி ஆண்டுதோறும் போகிறது. அக்டோபர் 21-ஐ ஒட்டிய இரவுகளில், விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால், வீட்டுப் பெரியவர்களோடு மொட்டை மாடிக்குப் போங்கள். திருவாதிரை இருக்கும் பக்கத்திலிருந்து கீறிக்கொண்டு வரும் எரிநட்சத்திரங்கள் ஹாலியின் தூசிதான். எத்தனை பார்த்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள்.