நின்றே தேயும் கால்கள்: ஒரு முக்காலி ஏன் உரிமை ஆகிறது?

இரவு கடை அடைக்கும் நேரத்தில் காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் போனால் பார்க்கலாம். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை வேலை முடிந்து நாகூர் பேருந்தில் ஏறும் பெண்கள், இடம் கிடைத்து உட்கார்ந்ததும் முதலில் செருப்பைக் கழற்றுவார்கள். கொலுசு கிடந்த இடம் தடமாகப் பதிந்திருக்கும். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும்; அது மேலே எழும்பச் சற்று நேரமாகும். “காலையிலேருந்து நின்ன காலு” என்று சொல்லிவிட்டு, கெண்டைக்காலை நீவிக்கொள்வார்கள்.

நடந்தால் வலிக்காத கால், நின்றால் ஏன் வலிக்கிறது?

கடைமடைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். தண்ணீர் வந்து சேர்வது ஒரு பாடு என்றால், வடிவது இன்னொரு பாடு. இதயத்திலிருந்து பாதத்துக்கு ரத்தம் இறங்கிவிடும். திரும்ப மேலே ஏறுவதுதான் சிரமம். அந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, பம்புசெட் போல ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ரத்தம் மறுபடி கீழே இறங்காதபடி, ரத்தக் குழாய்க்குள் இருக்கும் சின்னஞ்சிறு வால்வுகள் மதகுபோல மூடிக்கொள்கின்றன.

ஒரே இடத்தில் நின்றால் பம்பு ஓடாது. வடிகால் அடைபட்ட வயல்போல ரத்தம் காலில் தேங்கும், நீர் கசியும், வீக்கம் வரும். நாள்பட வால்வுகள் பழுதானால் குழாய்கள் புடைத்துச் சுருளும். மக்கள் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்று சொல்கிற வெரிகோஸ் வெயின் இதுதான். இன்னொரு பக்கம், உடம்பை நிமிர்த்திப் பிடிக்க இடுப்பும் முதுகும் இடைவிடாமல் இறுகியே இருக்கின்றன. இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறையும், அதுவே கடுப்பு. முழு எடையும் தாங்கும் குதிகால், காலையில் முதல் அடி வைக்கும்போதே குத்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜியும், அவர் தொடங்கிய ‘பெண்கூட்டு’ அமைப்பும் கடைப் பெண்களுக்காகக் கழிப்பறை கேட்டார்கள். பிறகு இருக்கை கேட்டார்கள். அதன் விளைவாக 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடு தன் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வேண்டும் என்கிறது அது.

ஆனால் அந்தத் திருத்தம், தமிழ்நாடு முடிந்து காரைக்கால் தொடங்கும் வாஞ்சூர் எல்லையோடு நின்றுவிடுகிறது. நாகூர் கடையில் நிற்பவருக்குத் தமிழ்நாட்டுச் சட்டம். சில கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்காலில் அதே சேலையை விரித்துக் காட்டுபவருக்குப் புதுச்சேரியின் 1964-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், நின்று வேலை செய்வோருக்கு இருக்கை வேண்டும் என்கிறது. பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்கே அது பொருந்தும். இரண்டு மூன்று பேரை வைத்து நடக்கும் கடைகளில் நிற்பவர்களின் கால்களும் கால்கள்தானே?

இப்போதே செய்யக்கூடியவை

நாள் முழுக்க உட்கார்வதும் மருந்தல்ல. நிற்பதும் உட்கார்வதும் நடப்பதும் மாறி மாறி வர வேண்டும். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலும், காலடியில் ஒரு ரப்பர் விரிப்பும் போடலாம். ஒரு காலை மாற்றி ஒரு காலைச் சிறு பலகைமேல் வைத்தால் இடுப்பு இளகும். குதிகாலை உயர்த்தி, தாழ்த்தி, பத்துப் பதினைந்து முறை செய்தால் கெண்டைக்கால் பம்பு ஓடத் தொடங்கும். தேய்ந்த செருப்பை மாற்றுங்கள். இரவில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சிவந்து, வலித்தால் தைலம் தேய்த்துக் காத்திருக்க வேண்டாம். ரத்தக் கட்டியாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆள் வராத மதிய நேரத்தில் கடைப் பெண் உட்கார்ந்திருந்தால், அதைச் சோம்பல் என்று முதலாளி நினைக்க வேண்டாம். மரியாதைக் குறைவு என்று வாங்க வருபவரும் நினைக்க வேண்டாம். இத்தனை காலம் ஸ்டூலைத் தடுத்து வைத்திருப்பது அந்த நினைப்புத்தான். அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது, “நீ உக்காந்தே எடுத்துக் காட்டும்மா” என்று சொல்லிப் பாருங்கள். உட்கார அங்கே ஒன்றும் இல்லையென்றால், கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள்.