ஒரே பெயரில் இரண்டு தொகை

கடைக்கு பில் போடும் சிறிய நிரல் ஒன்று, சி மொழியில் எழுதியது. கணக்கிடும் ஃபங்ஷனின் தொடக்கத்தில் ‘தொகை’ என்றொரு மாறி, மதிப்பு பூஜ்யம். வாங்கிய பொருட்களை ஒவ்வொன்றாக எடுக்கும் லூப்புக்குள், அந்தந்தப் பொருளின் விலையைப் பெருக்கி வைக்க மறுபடியும் ‘தொகை’ என்றே இன்னொரு மாறி அறிவிக்கப்பட்டிருக்கிறது. சி மொழி இதைத் தடுப்பதில்லை. நிரல் ஓடுகிறது, பில் மட்டும் எத்தனை பொருள் வாங்கினாலும் பூஜ்யம் என்றே வருகிறது.

பிழையைத் தேட, லினக்ஸில் பெரும்பாலோர் கையாளும் ஜிடிபி என்ற டீபக்கரில் நிரலை ஓட்டுகிறார்கள். லூப்புக்குள் நிறுத்தி ‘தொகை’ என்ன என்று கேட்டால் 120 என்கிறது. லூப் முடிந்த அடுத்த வரியில் கேட்டால் 0. இரண்டு விடையும் சரி. பெயர்தான் ஒன்று, நினைவகத்தில் இடம் இரண்டு. எந்த வரியில் எந்த ‘தொகை’ செல்லும் என்பது டீபக்கருக்கு எப்படித் தெரிந்தது?

ஓடிக்கொண்டிருக்கும் நிரலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. மாறிகளின் பெயர்கள் பிராசஸருக்குத் தேவைப்படுவதில்லை. முகவரிகளும் ரெஜிஸ்டர்களும் போதும். அதனால் கம்பைலர் மெஷின் கோடை உருவாக்கும்போது உள்ளூர் மாறிகளின் பெயர்களும் அவற்றின் எல்லைகளும் அதில் இடம்பெறுவதில்லை. ‘மைனஸ் ஜி’ என்ற விருப்பத்தைக் கொடுத்துக் கம்பைல் செய்தால்தான் அவற்றைத் தனிக் குறிப்புகளாக அதே கோப்பின் வேறொரு பகுதியில் எழுதி வைக்கும். லினக்ஸில் அந்தக் குறிப்புகளின் வடிவத்துக்கு ட்வார்ஃப் என்று பெயர். யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவின் டீபக்கருக்காக பெல் ஆய்வகத்தில் தொடங்கிய இந்த வடிவத்தின் ஐந்தாம் பதிப்பு 2017இல் வெளியானது.

ட்வார்ஃப் குறிப்புகள் மரம்போல் கிளை பிரிகின்றன. மூலக்கோப்பின் கீழே அதிலுள்ள ஃபங்ஷன்கள், ஃபங்ஷனின் கீழே அடைப்புக்குறிகளுக்குள் வரும் பிளாக்குகள், பிளாக்கின் கீழே மாறிகள். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பிளாக்குக்கும் அதன் மெஷின் கோடு எந்த முகவரியில் தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரம் உண்டு. நிரல் நின்ற இடத்தின் முகவரியை டீபக்கர் எடுத்துக்கொள்கிறது. அந்த முகவரியைச் சூழ்ந்திருக்கும் பிளாக்குகளில் மிக உள்ளே இருப்பது எது என்று பார்க்கிறது. அங்கே ‘தொகை’ இருந்தால் தேடல் முடிந்தது. இல்லாவிட்டால் அதற்கு வெளியே உள்ள பிளாக், பிறகு ஃபங்ஷன், பிறகு கோப்பு, கடைசியில் நிரல் முழுவதற்கும் பொதுவான பெயர்கள். வீட்டுக்குள் நின்று “குமாரு!” என்று கூப்பிட்டால் அந்த வீட்டுக் குமார்தான் திரும்பிப் பார்ப்பான், வீட்டில் அந்தப் பெயரில் யாரும் இல்லையென்றால்தானே தெருவில் தேடுவார்கள். பெயரின் ஆட்சியைப் பிளாக்கோடு கட்டிப்போடும் இந்த ஏற்பாடு 1960இன் அல்கால் மொழியில் நிலைபெற்றது. சி அதன் வழியில் வந்தது.

இந்தத் தேடல் எங்கே போகாது என்பதும் முக்கியம். பில் ஃபங்ஷன், விற்பனை வரியைக் கணக்கிடும் இன்னொரு ஃபங்ஷனை அழைத்திருக்கிறது, நிரல் அந்த இரண்டாவது ஃபங்ஷனுக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ‘தொகை’யைக் கேட்டால், அந்தப் பெயர் தற்போதைய சூழலில் இல்லை என்று ஜிடிபி சொல்லிவிடும். அழைத்தவரின் மாறி அழைக்கப்பட்டவருக்குச் சொந்தமல்ல. ‘அப்’ என்று கட்டளையிட்டு, ஃபங்ஷன் அழைப்புகள் படிப்படியாக அடுக்கப்படும் ஸ்டேக்கில் ஒரு படி மேலே போனால் அதே கேள்விக்கு விடை வரும்.

அந்த ஒரு படியில் நுட்பமான வேலை ஒன்று நடக்கிறது. மேலே உள்ள ஃபங்ஷன் எங்கே நிற்கிறது என்பதற்கு ஸ்டேக்கில் உள்ள சான்று, திரும்பி வரவேண்டிய முகவரி மட்டுமே. அதாவது அழைப்புக்கு அடுத்த கட்டளை. அழைப்பு பிளாக்கின் கடைசி வேலையாக இருந்தால், அடுத்த கட்டளை பிளாக்குக்கு வெளியே விழுந்துவிடும். உள்ளே இருக்கும் மாறிகள் காணாமல் போகும். அதனால் ஜிடிபி அந்த முகவரியிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் பிளாக்கைத் தேடுகிறது. ஒரு பைட்டில் இருக்கிறது சரிக்கும் தவறுக்குமான வேறுபாடு.

ஃபங்ஷன் தன்னைத்தானே அழைத்துக்கொண்டால் ஒரே பிளாக், ஒரே பெயர், ஆனால் பல பிரதிகள். அப்போது பெயர் எது என்பதை பிளாக் சொல்கிறது. எந்தப் பிரதி என்பதை ஸ்டேக்கில் தேர்ந்தெடுத்த படி சொல்கிறது. மாறி இருக்கும் இடம் நேரடி முகவரியாக எழுதப்படாமல், ‘இந்தப் படியின் அடித்தளத்திலிருந்து இத்தனை பைட் தள்ளி’ என்று எழுதப்படுவது இதற்காகத்தான்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது. சி மொழியின் விதிப்படி, உள் ‘தொகை’ அது அறிவிக்கப்பட்ட இடத்திலிருந்துதான் செல்லும்; அதற்கு முந்தைய வரிகளில் வெளி ‘தொகை’தான். ஆனால் குறிப்பில் பிளாக்கின் எல்லை மட்டும் இருந்தால், பிளாக்குக்குள் நுழைந்தவுடனேயே டீபக்கர் உள் மாறியைக் காட்டிவிடும். மதிப்பு இன்னும் எழுதப்படாத இடம் அது. அங்கே பழைய குப்பை எண் ஏதாவது இருக்கும். மாறியின் ஆட்சி எந்த முகவரியில் தொடங்குகிறது என்று எழுத ட்வார்ஃபில் இடம் உண்டு என்றாலும் பல கம்பைலர்கள் அதை எழுதுவதில்லை. பிளாக்கின் முதல் வரியில் விசித்திரமான எண் தென்பட்டால், நிரலைச் சந்தேகிக்கும் முன் இன்னும் ஓரிரு வரி நகர்ந்து பார்ப்பது நல்லது. ‘இன்ஃபோ லோக்கல்ஸ்’ என்ற கட்டளை உள்ளே இருந்து வெளியே என்ற வரிசையில் எல்லா உள்ளூர் மாறிகளையும் காட்டும். இரண்டு ‘தொகை’யும் அங்கே அடுத்தடுத்து வெளிப்பட்டுவிடும்.

உண்மையான சிக்கல், வேகத்துக்காக கம்பைலர் கோடை மாற்றியமைக்கும்போது வருகிறது. மாறி சில கட்டளைகள் வரை ஒரு ரெஜிஸ்டரில் இருக்கும், பிறகு ஸ்டேக்குக்குப் போகும், பிறகு எங்கேயும் இருக்காது. பிளாக்கே பல துண்டுகளாகச் சிதறலாம். சிறிய ஃபங்ஷன் தன்னை அழைத்தவருக்குள் கரைந்துவிடலாம். இதற்காக ட்வார்ஃப், ‘இந்த முகவரி முதல் இந்த முகவரி வரை இங்கே’ என்று ஒரு மாறிக்கே பல வரிகள் கொண்ட பட்டியலை வைக்கிறது. நிற்கும் முகவரி எந்த வரியிலும் அடங்கவில்லையென்றால் ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று விடை வரும். புதிதாகப் பழகுபவர்கள் இதை ‘சூழலில் இல்லை’ என்ற விடையோடு குழப்பிக்கொள்கிறார்கள். முன்னதில் பெயர் அங்கே செல்லும், மதிப்புதான் கிடைக்கவில்லை. பின்னதில் பெயரே செல்லாது.

மதிப்புகள் இப்படித் தொலைவதைக் குறைக்க, ஜிசிசி என்ற கம்பைலரின் 2010இல் வந்த 4.5ஆம் பதிப்பு ஒவ்வொரு மாறியின் பயணத்தையும் கம்பைல் செய்யும்போதே பின்தொடரத் தொடங்கியது. 2013இன் 4.8ஆம் பதிப்பு, டீபக்கருக்கு இடையூறில்லாத மாற்றங்களை மட்டும் செய்யும் ‘மைனஸ் ஓஜி’ விருப்பத்தைக் கொண்டுவந்தது. ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்ற பதில் வந்த கோப்பை அந்த விருப்பத்தோடு மறுபடி கம்பைல் செய்து அதே வரியில் நிறுத்தினால், பெரும்பாலும் எண் தெரிந்துவிடும்.