தமிழுக்குமா தனிக் கட்டணம்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை! பெயரைச் சொன்னால் ஊரார்க்கெல்லாம் நினைவு வருவது தோல். நமக்கு நினைவு வருவதோ, பகலெல்லாம் அந்தத் தோலோடு மல்லாடிவிட்டு, வாங்கிய கூலியிலே ஒரு பங்கை டியூஷன் வீட்டுக்கு எண்ணிக் கொடுக்கும் தோழன். ஷூ கம்பெனியிலே தைத்துத் தைத்து விரல் தேய்ந்த தாய்.

கணக்குக்கு டியூஷன், பழகிவிட்டோம். ஆங்கிலத்துக்கு டியூஷன், அயல்மொழியாயிற்றே என்று ஆறுதல் கொண்டோம். தமிழ்நாட்டிலே தமிழுக்கும் டியூஷனா? சிரிக்காதீர், தோழர்களே! வீட்டிலே உருது பேசும் தொழிலாளியின் பிள்ளைக்கு அது சிரிப்பல்ல.

2006இல், கலைஞர் முதல்வராயிருந்தபோது, தமிழ் கற்கும் சட்டம் வந்தது. முதல் வகுப்பிலே தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டவேண்டுமென்பது ஏற்பாடு. நல்ல சட்டம், இன்றும் அதன் பக்கமே நிற்கிறோம். உருதுப் பிள்ளை தமிழ் படித்தால் உருது ஒன்றும் தேய்ந்துவிடாது. ஆனால் சட்டம் படியேறியதுபோல ஆசிரியரும் ஏறினாரா? போதிய தமிழாசிரியர் இல்லை என்பது சிறுபான்மைப் பள்ளிகளின் முறையீடு. வழக்கு உயர்நீதிமன்றம் கண்டது, உச்சநீதிமன்றம் கண்டது. 2023 பிப்ரவரியிலே, அந்த ஆண்டுத் தேர்விலே தமிழ்த் தாளுக்கு விலக்குக் கிடைத்தது.

விலக்குக் கிடைத்தது, சரி. தமிழ் கிடைத்ததா? 2021 முதல் அரசுப்பணித் தேர்விலே தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதிலே 100க்கு 40 எடுக்காதவனின் மற்ற விடைகளைத் திருத்துவதே இல்லை. பதினைந்து வயதிலே தந்த விலக்கு, இருபத்தைந்து வயதிலே வாசற்கதவை அல்லவா சாத்துகிறது! காசுள்ளவன் அதற்கும் ஒரு பயிற்சி நிலையம் தேடிக்கொள்வான். தோல் பதனிடுகிறவன் மகன் எங்கே போவான்?

கற்றுத்தராத மொழியைக் கட்டாயமாக்கினால் எப்படி வலிக்கும் என்பதை, 1938ஐயும் 1965ஐயும் கண்ட இயக்கத்துக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி ஆசிரியர் தனிப்பயிற்சி நடத்தக்கூடாது என்கிறது, 28ஆம் பிரிவிலே. சட்டம் அப்படிப் பேசுகிறது. டியூஷன் வீட்டு வாசலிலே கிடக்கும் செருப்புகள் வேறு பேசுகின்றன!

தனியே படிப்பதே தீது என்று நாம் சொல்லவில்லை. இதே வட்டாரத்துத் திருப்பத்தூரிலே, தாலுகா அலுவலகத்து எழுத்தராயிருந்த இளைஞர் ஒருவர், முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்றார். 1935இல் வித்துவான் தேர்வைத் தனியாகவே எழுதி, மாநிலத்திலே முதலாவதாகத் தேறினார். பின்னாளிலே மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரான டாக்டர் மு.வ. அவர்தான். அப்படியொரு முருகைய முதலியார் தெருவுக்கொருவர் வேண்டும். அதுதான் நம் கவலை.

தமிழாசிரியர் பணியிடங்களை நிரப்புவது அரசின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியும் எட்டாம் வகுப்புவரைக்கென்றே வகுக்கப்பட்டது. ஒன்பதும் பத்தும் படிக்கும் பிள்ளை நடுத்தெருவிலே நிற்கிறது. நம் படிப்பகங்களோ மாலையிலே பத்திரிகை புரட்டுவதற்கு மட்டும் திறந்திருக்கின்றன. ஆறிலிருந்து எட்டுவரை அந்தப் பெஞ்சுகளைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஊரிலே இருப்பார், போய் அழையுங்கள். உருது பேசும் வீடுகளுக்கு நீங்களே நேரில் சென்று, "கட்டணம் கிடையாது பாய், பிள்ளையை அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். பொதுத்தேர்வு வரும்வரை காத்திராமல், இந்த வாரமே தொடங்குங்கள்.