இரட்டைத் தட்டும் காப்புப் படியும்

கொல்லிமலை உழவர் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றின் விதையை அடுத்த பருவத்திற்கெனப் பேணுதல் யாவரும் அறிந்ததே. ஒரே வீட்டில் இரு குதிர்களில் வைத்த விதையுள் ஒன்று கெடினும் மற்றொன்று உதவும். வீடே தீப்பற்றின் இரண்டும் அழியும். மரவள்ளி பரவிச் சிறுதானியம் அருகிய காலத்தே, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையால் அம்மலையில் கிராம விதை வங்கிகள் எழுந்தன. வீட்டு விதையை இழந்தார்க்கு அவையே புகலிடம்.

கல்லூரிச் சர்வர்க்கும் இவ்விருவகைக் காவலும் வேண்டும். எழுதுவன யாவும் இரு வன்தட்டுகளில் ஒருங்கே பதியுமாறு அமைப்பது இரட்டைத் தட்டு முறை. 1988இல் பாட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்னும் அறிஞர் மூவர் தம் ஆய்வுரையில் இதனை 'ரெய்டு' முறையின் முதற்படியாக வகுத்தனர். ஒரு தட்டு பழுதுறினும் வேலை நில்லாது. ஆயின் ஒருவர் அறியாது ஒரு கோப்பினை அழிப்பின், அவ்வழிவும் இரண்டிலும் பதியும். ஆதலின் வேற்றிடத்தே தனிக் காப்புப் படி இன்றியமையாதது.

நிற்க. சர்வர் கெட்டுத் தட்டுகள் மட்டும் எஞ்சின் யாது செய்வது? மென்பொருளால் ஆக்கப்பெறும் மெய்நிகர் இயந்திரத்தில் அதனை மீண்டும் எழுப்பலாம்.

இரு தட்டுள் ஒன்று முன்னரே இணைபிரிந்து பழஞ்செய்தியோடு நிற்றல் கூடும். இறுதியாக எழுதப்பெற்றது எதுவென முதற்கண் தேர்க. அதனில் ஏதும் எழுதாவண்ணம் தடைசெய்து, முழுமையும் ஒரே கோப்பாகப் படியெடுத்து, மூலத்தைப் பத்திரப்படுத்துக. அப்படியை மெய்நிகர் இயந்திரம் ஏற்கும் வடிவிற்கு மாற்றுக. பயாஸ், யூஇஎஃப்ஐ என்னும் தொடக்க முறைகளுள் பழைய பொறி கைக்கொண்டதையே புதியதற்கும் அமைக்க.

பலர் இடர்ப்படுவது இதன் பின்னரே. பழைய அமைப்பு தனக்குப் பழகிய தட்டிணைப்பைத் தேடிக் காணாது எழாமல் நிற்கும். சாட்டா போன்ற பொது இணைப்பினைத் தந்து எழுப்பியபின், மெய்நிகர்ச் சூழலுக்குரிய டிரைவரை நிறுவுதல் நலம்.

பழைய விதை புதுமண்ணில் முளைத்தமைக்கும் சான்றுண்டு. சிரியாவில் அலெப்போவை அடுத்த விதைக் காப்பகம் போரினால் எட்டாதாக, 2015இல் நார்வேயின் ஸ்வால்பார்டு கிடங்கினின்றும் விதைகள் மீட்கப்பெற்று, லெபனானிலும் மொராக்கோவிலும் பெருக்கப்பட்டன.

விதைக்குமுன் சில மணிகளை ஈரத்துணியில் முளைக்கவிட்டுப் பார்ப்பது உழவர் வழக்கு. மாணவர்தம் மதிப்பெண்ணும் ஆசிரியர்தம் ஆராய்ச்சிக் குறிப்பும் தங்கிய படியினையும் அவ்வாறே ஆண்டுதோறும் மீட்டுப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத படி, முளைத்திறன் அறியாத விதையே.