கணவாய்க்குத் தெற்கே ஒரு சாலை

ஆடி மாதத்தில் கோவை ஆர்.எஸ்.புரத்து மொட்டைமாடியில் வேட்டி காயப்போட்டால் அது அடுத்த தெருவில் போய்க் கிடக்கும். வெயில் அடிக்கும், ஆனால் உடம்பு வேர்க்காது. மேற்கே கருமேகம் திரண்டு நிற்கும், மழை மட்டும் வராது. எப்போதாவது மெல்லிய சாரல் விழும், அதுவும் டி.பி. ரோட்டின் தார் நனைவதற்குள் நின்றுவிடும். இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே. ஊருக்கு மேற்கே, வாளையாறு தாண்டியதும், மலைத்தொடரே இல்லாமல் ஓர் இடைவெளி இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலை தபதி ஆற்றங்கரையில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளுகிறது. அதில் பெரிய உடைப்பு பாலக்காட்டுக் கணவாய். வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இரண்டுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை சரிந்து, கடல் மட்டத்திலிருந்து வெறும் 140 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. கோவைக்காரர்கள் மலை பார்க்கப் புறப்பட்டால் கை தானாக மேட்டுப்பாளையம் பக்கம் வண்டியைத் திருப்பும். ஊட்டியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தக் கணவாய் நம் மண்ணுக்கு என்ன செய்திருக்கிறது என்று ஒரே பகலில் பார்க்க வேண்டுமானால் தெற்கே போக வேண்டும்: பல்லடம், உடுமலை, சின்னாறு, மறையூர், இரவிகுளம். மொத்தம் 170 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனைமலை புலிகள் காப்பகம், சின்னாறு வனவிலங்குச் சரணாலயம், இரவிகுளம் தேசியப் பூங்கா என மூன்று காப்புக்காடுகளை இந்தச் சாலை தொட்டுப் போகிறது.

புறப்படும் முன் ஆர்.எஸ்.புரத்திலேயே பார்க்க ஓர் இடம் உண்டு. கௌலி பிரவுன் சாலையில், வனக்கல்லூரி வளாகத்தில் உள்ள காஸ் வன அருங்காட்சியகம் 1902-இல் தொடங்கப்பட்டது. அன்றைய வனப் பாதுகாவலர் காஸ் துரையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேக்கு, ஈட்டி, வேங்கை என்று மரத்துண்டுகள் வரிசையாக இருக்கும். காட்டை மரமாக, மரத்தைக் கன அடியாகப் பார்த்த காலம் அது. அந்தக் கணக்கில் புல்லுக்கும் முள்ளுக்கும் விலை கிடையாது. இந்தப் பயணத்தில் நாம் பார்க்கப் போவது பெரும்பாலும் புல்லும் முள்ளும்தான்.

ஊருக்குத் தெற்கே மதுக்கரையில் சிமென்ட் ஆலை இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் எப்படி வந்தது என்பது சுவாரசியமான கேள்வி. சுண்ணாம்பு பெரும்பாலும் கடலடியில் படிவது. பாலக்காட்டிலிருந்து காவிரிப் படுகை வரை கிழக்கு மேற்காக ஓடும் பூமியோட்டு வடு ஒன்றைப் புவியியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்கிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது இரு நிலத்துண்டுகள் மோதி ஒட்டிய தையல் இது என்பது அவர்களில் பலரின் முடிவு. நடுவில் இருந்த கடல் மூடிப்போனது. அதன் அடிமண் வெந்து, நசுங்கி, பளிங்காகி மதுக்கரையில் கிடக்கிறது. கணவாயின் வடகரையில் நீலகிரியின் சார்னோகைட் பாறைகளுக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. கணவாய் உண்டானதற்கு இந்த வடு மட்டுமே காரணமா, பழைய ஆறுகள் அரித்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நலிந்த பாறையை ஆறு எளிதில் அரிக்கும் என்பதால் இரண்டுக்கும் பங்கு இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பல்லடம் தாண்டினால் காற்றாலைகள். கேத்தனூர், பூளவாடி, குடிமங்கலம் என்று கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை இறக்கைகள் சுற்றுகின்றன. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் நெருக்கினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறதே, அதுதான் இங்கே காற்றுக்கு நடக்கிறது. மலைச்சுவரில் முட்டி நிற்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு இந்த ஒரு வாசல்தான் அகலமாகத் திறந்திருக்கிறது. நெருங்கி நுழையும்போது வேகம் கூடுகிறது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். மே முதல் செப்டம்பர் வரை இந்த வட்டாரம் மின்சாரத்தை அள்ளித் தருவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

காற்று வருகிறது, மழை ஏன் வருவதில்லை? ஈரக்காற்று மேலே ஏறினால்தான் மழை. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சராசரியாக 6.5 பாகை வெப்பம் குறையும். ஆவி குளிர்ந்து நீராகும். கணவாயில் ஏறுவதற்கு மலை இல்லை, ஈரம் ஈரமாகவே கடந்து போகிறது. ஆனைமலையின் மேற்கு முகத்தில் அதே காற்று செங்குத்தாக ஏற வேண்டியிருக்கிறது. அதனால் வால்பாறைக்கு அப்பால் சின்னக்கல்லாறில் ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. கோவைக்கு 600, 700 மில்லிமீட்டர், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்.

உடுமலைக்குப் போகும் வழியில் கிழக்கே தாராபுரம், காங்கேயம் பக்கம் பிரிந்தால் கொறங்காடு பார்க்கலாம். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரம், மேய்ந்துகொண்டு காங்கேயம் மாடு. மழை குறைந்த மண்ணில் உழுது தோற்பதைவிடப் புல்லை நம்பலாம் என்று கொங்கு வேளாளர்கள் தலைமுறை தலைமுறையாக வகுத்து வைத்த மேய்ச்சல் முறை அது. வெள்வேல் நெற்று ஆட்டுக்குத் தீனி, நிழல் மாட்டுக்கு. வெளியூரிலிருந்து நிலம் வாங்க வருபவர்களுக்கு அது சும்மா கிடக்கும் தரிசாகத் தெரிகிறது. இந்தப் பார்வைக் கோளாறு மலை உச்சி வரை நம்மோடு வரும்.

உடுமலைக்குத் தெற்கே அமராவதி அணை. அணையில் சேற்று முதலைகள் இயற்கையாகவே இருக்கின்றன. கரையில் அவை இட்ட முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைக்க 1970-களில் தொடங்கிய பண்ணையும் அருகிலேயே உண்டு. குழந்தைகளுக்குப் பிடிக்கும், அரை மணி நேரம் போதும்.

ஒன்பதாறு சோதனைச்சாவடி தாண்டிச் சின்னாறு எல்லைக்குள் நுழைந்ததும் வண்டியில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். "ஏனுங்க, இங்க பாக்கறதுக்கு என்னங்க இருக்குது? வெறும் முள்ளுக்காடு" என்று யாராவது சொல்வார்கள். பயணத்தின் மிக அபூர்வமான இடம் இதுதான் என்று நான் வாதாடுவேன். சின்னாறு 90 சதுர கிலோமீட்டர் அளவுள்ள சரணாலயம், 1984-இல் அறிவிக்கப்பட்டது. ஆண்டு மழை சுமார் 500 மில்லிமீட்டர். சின்னக்கல்லாறுக்கும் இதற்கும் நேர்கோட்டில் 40 கிலோமீட்டர்கூட இராது, மழையோ எட்டில் ஒரு பங்கு. மேற்கிலும் தெற்கிலும் ஆனைமலை உயர்ந்து நிற்பதால் காற்று தன் ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு இறங்குகிறது. இறங்கும் காற்று சூடாகும், சூடான காற்று மேகத்தையும் கரைத்துவிடும். மழை மறைவுப் பகுதி என்று பாடப்புத்தகத்தில் படித்ததை இங்கே சன்னல் வழியாகப் பார்க்கலாம்.

வெள்வேல், கள்ளி, கிளுவை. கோடையில் இலை உதிர்த்துவிட்டு எலும்பாக நிற்கும் மரங்கள். இந்த முள்ளுக்குள் நட்சத்திர ஆமை ஊர்கிறது. கடத்தல்காரர்களிடம் பிடிபட்ட ஆமைகளைக் கொண்டுவந்து விட்ட காடுகளில் இதுவும் ஒன்று. ஆனால் சாலையை ஒட்டி ஓடும் ஆற்றங்கரையைக் கவனித்தால் காட்சி மாறும். கரையோரம் மட்டும் நீர்மருது ஓங்கி வளர்ந்து பச்சைக் கோடு போட்டிருக்கும். அந்தக் கிளைகளில் சாம்பல் நிற மலையணில் கூடு கட்டுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடுத்து இந்த அணில் அதிகம் இருப்பது இங்கேதான். கிளைக்குக் கிளை தாவியே வாழும் பிராணி அது, மரத்தொடர் அறுந்தால் அதன் உலகமும் அங்கே முடிந்துவிடும். ஆகவே இந்த வறண்ட சரணாலயத்தில் அதன் வீடு ஆற்றின் இரு கரைகள் மட்டுமே.

மறையூரில் சந்தனம். கேரளத்தில் சந்தன மரங்கள் இயற்கையாகக் காடாக வளர்ந்திருப்பது இங்கேதான், சாலையோர மரங்களுக்குக்கூட வேலியும் காவலும் உண்டு. சந்தனம் அரை ஒட்டுண்ணி. இலையில் தானே உணவு சமைக்கும், ஆனால் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பதித்துத் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும். தனியே நட்டுவிட்டுச் சந்தனம் வளரவில்லை என்று சொல்பவர்கள் துணைமரம் வைத்தார்களா என்று பார்க்க வேண்டும். இங்கே பாறைமேல் கற்பலகைகளால் ஆன முனியறைகளும் இருக்கின்றன. மறையூர் வெல்லமும் பெயர்பெற்றது, சாலையோர ஆலைகளில் பாகு காய்ச்சுவதைப் பார்க்கலாம்.

மறையூருக்கு மேல் சாலை ஏறத் தொடங்குகிறது. ஜூலையில் போனால் மழையின் எல்லையைச் சாலையிலேயே பார்க்கலாம். மறையூர் வரை கண்ணாடியில் தூசி. லக்கம் அருவி தாண்டித் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்து சில வளைவுகள் ஏறுவதற்குள் வைப்பர் போட வேண்டிவரும், ஸ்வெட்டர் தேட வேண்டிவரும். மலையின் முதுகைத் தாண்டி வழியும் மழை அங்கே வரைதான் எட்டுகிறது.

இரவிகுளம் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டத் துரைமார்களின் வேட்டைக்களம். 1971-இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலைநிலங்களை மீட்டது. 1975-இல் சரணாலயம், 1978-இல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி புல்வெளி. மடிப்புகளில், ஓடை ஓடும் பள்ளங்களில் மட்டும் குட்டையான அடர்ந்த சோலை. சரிவெல்லாம் புல், மடிப்பெல்லாம் காடு என்று யாரோ கோடு கிழித்துப் பிரித்தது போன்ற நிலம்.

இதைப் பார்த்த பிரிட்டிஷ் வன அதிகாரிகளில் பலர், காட்டை வெட்டியும் எரித்தும் மனிதன் கெடுத்த மிச்சமே புல்வெளி என்று நினைத்தார்கள். எனவே மரம் நட்டுச் 'சரிசெய்ய' வேண்டும். நீலகிரியிலும் பழனி மலையிலும் சீகையும் கற்பூர மரமும் பைனும் அப்படித்தான் வந்தன. விடுதலைக்குப் பிறகும் நடவு நிற்கவில்லை. அந்த எண்ணத்துக்கு விடை நீலகிரியின் சாண்டிநல்லா சதுப்பில், கரிமண்ணாக அடுக்கடுக்காகப் படிந்து கிடந்தது. வெப்பமண்டலப் புற்கள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு, மரங்களின் முறை வேறு. கார்பனில் கனமான அணு, இலேசான அணு என்று இருவகை உண்டு. மரங்கள் கனமானதைப் பெரிதும் ஒதுக்கும், அந்தப் புற்கள் அவ்வளவு ஒதுக்காது. மக்கிய மண்ணின் ஒவ்வோர் அடுக்கிலும் இந்த விகிதத்தை அளந்தால் எந்தக் காலத்தில் புல் மிகுந்தது, எப்போது மரம் மிகுந்தது என்று தெரியும். ராமன் சுகுமாரும் அவருடைய சகாக்களும் இதைச் செய்து 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் வறண்ட காலத்தில், அங்கே புல்லே ஓங்கியிருந்தது. பிறகு ஈரக்காலம் வந்தபோது மரம் கூடியது, வறண்டபோது மறுபடி புல். கோடரி வருவதற்கு வெகுகாலம் முன்பே புல்வெளி அங்கே இருந்தது.

மரம் ஏன் சரிவில் ஏறவில்லை? ஒரு காரணம் உறைபனி. மார்கழி, தை இரவுகளில் திறந்த புல்வெளியில் வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். சோலை மரத்தின் நாற்று அதில் கருகிவிடும், சோலைக்குள் மர நிழலில் முளைத்தால் பிழைக்கும். இலேசான மண், ஓயாத காற்று, தீ எல்லாம் புல்லுக்கே துணை நிற்கின்றன.

இந்தப் புல்லை நம்பியே வரையாடு வாழ்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு. 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எண்ணியபோது இரு மாநிலங்களிலுமாக 2,668 இருந்தன. உலகில் இருப்பதே அவ்வளவுதான். இரவிகுளத்தில் இருப்பதுதான் மிகப் பெரிய கூட்டம். ராஜமலையில் அவை சாலைச் சுவரின் மேல் நின்று மேய்கின்றன, மனிதரைச் சட்டை செய்வதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் குட்டி போடும் காலம் என்பதால் பூங்காவை மூடிவிடுவார்கள். இதே புல்வெளியில் குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030. பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே நேரத்தில் பூத்து, விதை போட்டுச் சாகும் செடி. தின்ன வரும் பூச்சியும் பறவையும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே சமயத்தில் விதையைக் கொட்டிவிடுவதே அதன் தந்திரம் என்பது ஒரு விளக்கம்.

கணவாயின் கைவரிசை உயிர்களிலும் தெரிகிறது. நீலகிரிச் சிரிப்பான் கணவாய்க்கு வடக்கே, பழனிச் சிரிப்பான் தெற்கே, இரண்டும் தனித்தனி இனங்கள். சோலையின் தரையோரம் தத்தும் நீலநிறச் சிறு பறவையும் வடகரையில் ஓர் இனம், தென்கரையில் இன்னோர் இனம். குளிர் உச்சிகளில் மட்டுமே வாழத் தெரிந்த பறவைக்கு நடுவிலுள்ள 30 கிலோமீட்டர் சூட்டுச் சமவெளி கடலைப் போன்ற தடை. நடக்கத் தயங்காத யானைகூடத் தப்பவில்லை. நீலகிரி யானைகளுக்கும் ஆனைமலை யானைகளுக்கும் மரபணுவில் வேறுபாடு இருப்பதாக 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. இப்போது அந்தச் சமவெளியில் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் வீட்டுமனைகளும் சேர்ந்துவிட்டன.

ராஜமலையில் விழும் மழைக்கு இரண்டு வழி. மூணாறு பக்கம் வழிந்தால் முதிரப்புழை, பெரியாறு, அரபிக்கடல். வடகிழக்கே வழிந்தால் லக்கம் அருவி, பாம்பாறு, அமராவதி. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மூன்றே ஆறுகளில் பாம்பாறு ஒன்று, மற்றவை கபினியும் பவானியும். புல்லின் வேர்ப்பின்னல் மழையைப் பிடித்து ஓடைக்கு மெல்ல விடுவதால் மழை ஓய்ந்த மாதங்களிலும் ஓடை ஓடுகிறது. கீழே அமராவதி அணையின் முழு உயரம் 90 அடி. அதை நம்பி உடுமலை, தாராபுரம், கரூர் வரை சுமார் 55 ஆயிரம் ஏக்கர் பாசனம். ஜூலையில் அங்குள்ள டீக்கடைகளில் அணை எத்தனை அடி என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள், மறுநாள் காலை நாளிதழில் நீர்வரத்து இத்தனை கன அடி என்று வந்திருக்கும்.